கண்பாவையை அளப்பது: தீவிலிருந்து ஒரு பார்வை

அடிபட்டு மயக்கத்தில் வந்தவரின் இமையை விரலால் தூக்கி, டார்ச் அடித்து ஒரு கணம் பார்த்துவிட்டு, கேஸ் ஷீட்டில் ‘பி.இ.ஆர்.எல்.’ என்று எழுதுவது நம் ஊர் அவசர சிகிச்சைப் பிரிவுகளின் அன்றாட வழக்கம். இரண்டு கண்பாவைகளும் சம அளவில் இருக்கின்றன, வெளிச்சத்துக்குச் சுருங்குகின்றன என்று பொருள். எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு வேகம், எத்தனை மணிக்குப் பார்த்தது என்பதெல்லாம் அதில் இருக்காது. சென்னையில் இது பெரிய குறையாகத் தெரிவதில்லை. சந்தேகம் வந்தால் ஸ்கேன் அறை அதே கட்டடத்தில் இருக்கிறது, நரம்பியல் மருத்துவர் ஒரு போன் தொலைவில் இருக்கிறார்.

அந்தமான் நிக்கோபாரில் கதை வேறு. 2011 கணக்கெடுப்பின்படி 3.8 லட்சம் பேர், முப்பது சொச்சம் தீவுகளில் சிதறி வாழ்கிறார்கள். யூனியன் பிரதேசத்தின் பெரிய அரசு மருத்துவமனையான ஜி.பி. பந்த் மருத்துவமனை போர்ட் பிளேரில் இருக்கிறது. 2024-இல் ஊருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள், பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான். அங்கிருந்து கார் நிக்கோபார் சுமார் 270 கி.மீ. தெற்கே, கிரேட் நிக்கோபாரின் காம்ப்பெல் பே 540 கி.மீ. தெற்கே. கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்கும், மேகம் இறங்கினால் ஹெலிகாப்டர் ஏறாது. சிக்கலான மூளை, நரம்புச் சிகிச்சை என்றால் போர்ட் பிளேரும் போதாமல் சுமார் 1,200 கி.மீ. தாண்டிச் சென்னைக்குப் போக வேண்டிவரும். அதனால் தீவில் இருக்கும் ட்யூட்டி டாக்டருக்கு முதல் கேள்வி ‘இது என்ன நோய்’ என்பதைவிட ‘இவரை இப்போதே அனுப்ப வேண்டுமா, நாளைவரை பொறுக்கலாமா’ என்பதாகத்தான் இருக்கும். பாவையின் அசைவு பதில் சொல்லத் தகுதியானது இந்த ‘அனுப்ப வேண்டுமா’ என்ற கேள்விக்கே என்பது என் கருத்து. ‘என்ன நோய்’ என்பதற்கு அது பல சமயம் பாதி பதில்தான் தரும்.

வெளிச்சம் விழித்திரையில் விழுந்ததும் செய்தி பார்வை நரம்பு வழியே போகிறது. பார்ப்பதற்கான செய்தி மூளையின் பின்பகுதிக்குச் செல்ல, பாவைக்கான செய்தி நடுவழியில் பிரிந்து நடுமூளைக்குள் நுழைகிறது. அங்கே அது இடம், வலம் என இரு பக்கக் கட்டளை மையங்களுக்கும் பங்கிடப்படுகிறது. இரு மையங்களிலிருந்தும் மூன்றாம் கபால நரம்பு வழியாக உத்தரவு திரும்பி வந்து ஐரிஸின் சுருக்குத் தசையை இழுக்கிறது. ஒரு கண்ணில் டார்ச் அடித்தாலும் இரு பாவைகளும் ஒன்றாகச் சுருங்குவது இதனால்தான். வெளிச்சம் பட்டதற்கும் அசைவு தொடங்குவதற்கும் இடையே கால் நொடிபோல ஆகும். விரிப்பதற்கு வேறு பாதை இருக்கிறது. அது மூளையின் அடியில் தொடங்கி, தண்டுவடத்தில் இறங்கி, நெஞ்சின் மேல்முனை வரை போய், கழுத்து ரத்தக்குழாயை ஒட்டி மறுபடி கண்ணுக்கு ஏறுகிறது. நுரையீரலின் உச்சியில் வளரும் கட்டி ஒரு பக்கப் பாவையைச் சிறுக்க வைப்பது இந்தச் சுற்றுவழியால்தான். சுவிஸ் கண் மருத்துவர் ஹார்னர் 1869-இல் விவரித்த குறி அது. அதே ஆண்டு எடின்பரோவில் ஆர்கைல் ராபர்ட்சன், அருகில் பார்க்கும்போது சுருங்கினாலும் வெளிச்சத்துக்கு அசையாத பாவையை விவரித்தார். பின்னாளில் அது நரம்பைத் தாக்கும் சிஃபிலிஸின் அடையாளமாக அறியப்பட்டது. ஸ்கேன் என்ற எண்ணமே இல்லாத காலத்தில் மருத்துவர்கள் மூளைக்குள் எட்டிப் பார்த்த சன்னல்களில் பாவை முக்கியமானது.

இந்தச் சோதனைகளில் இன்றும் அதிகம் பயன்படுவது டார்ச்சை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றிக் காட்டுவது. 1900-களின் தொடக்கத்தில் மார்கஸ் கன் கவனித்த குறியை, 1959-இல் லெவட்டின் எளிய டார்ச் சோதனையாக்கினார். மங்கலான அறையில் நோயாளியைத் தூரத்தில் பார்க்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் பார்த்தால் பாவை தானாகவே சுருங்கிவிடும். ஒரு கண்ணில் இரண்டு மூன்று நொடி காட்டிவிட்டுச் சட்டென்று மறு கண்ணுக்கு மாற்ற வேண்டும். நல்ல கண்ணிலிருந்து பழுதான கண்ணுக்கு வெளிச்சம் வரும்போது பாவை சுருங்காமல் மெல்ல விரிந்தால், அந்தக் கண்ணின் பார்வை நரம்பிலோ விழித்திரையிலோ பெரிய கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். கிளினிக் பேச்சில் இதை ஆர்.ஏ.பி.டி. என்பார்கள். 1981-இல் அயோவா பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி தாம்ப்சனும் உடன் பணியாற்றியவர்களும் இதற்கு அளவு கொடுத்தார்கள். நல்ல கண்ணுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, இரு கண்களும் எந்த இடத்தில் சமமாகின்றன என்று பார்ப்பது அவர்கள் முறை. 0.3 என்ற துண்டு வெளிச்சத்தைப் பாதியாக்கும், 0.6 கால்பங்காக்கும். மின்சாரம் வேண்டாம், மென்பொருள் வேண்டாம். காம்ப்பெல் பே ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதைச் செய்துவிடலாம்.

கண்புரை முகாம்களில் இந்தச் சோதனை படும் பாட்டைச் சொல்லியாக வேண்டும். புரை எவ்வளவு முற்றினாலும் அந்தக் கண்ணில் ஆர்.ஏ.பி.டி. வராது. வெளிச்சம் சிதறித்தான் போகிறது, நரம்பு ஒழுங்காக வேலை செய்கிறது. ஆகவே புரை உள்ள கண்ணில் இந்தக் குறி இருந்தால் பின்னால் வேறொன்று ஒளிந்திருக்கிறது: முற்றிய கண் நீரழுத்தம், விழித்திரை பிரிதல், நரம்புச் சேதம் என ஏதோ ஒன்று. புரையை எடுத்தாலும் பார்வை எதிர்பார்த்த அளவு திரும்பாது என்பதை அறுவைக்கு முன்பே சொல்லிவிடலாம். ஆனால் கூட்டம் அலைமோதும் முகாமில் வரிசையில் உட்கார்ந்ததுமே பாவையை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டுவிடுகிறார்கள். அரை மணி நேரத்தில் பாவை விரிந்து நின்றுவிடும், அதன்பிறகு டார்ச் அடித்துப் பயனில்லை. நேரம் மிச்சமாகும் என்று சொட்டை முதலில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருவருக்கு அரை நிமிடம்கூட ஆகாத சோதனை இது. படகேறிப் பக்கத்துத் தீவிலிருந்து வந்து, கட்டோடு திரும்பிப் போய், ‘ஆபரேஷன் பண்ணியும் தெரியலையே’ என்று புலம்பும் முதியவருக்கு அந்த அரை நிமிடம் எவ்வளவோ செய்திருக்கும்.

மாற்றி மாற்றிக் காட்டும் சோதனைக்குப் பெரிய பலவீனம் ஒன்று உண்டு. அது ஒரு கண்ணை இன்னொன்றோடு ஒப்பிடுகிறது. இரண்டும் ஒரே அளவு கெட்டிருந்தால் ஒப்பிட ஒன்றும் இல்லை. காசநோய் மருந்துகளில் எதாம்ப்யூட்டால் சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும், பெரும்பாலும் இரு கண்களையும் ஒருசேர. இந்தியாவின் இப்போதைய தினசரிச் சிகிச்சையில் முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று மருந்து. இரு கட்டங்களிலும் எதாம்ப்யூட்டால் இருக்கிறது. பாவை சற்றுச் சோம்பலாக அசைவதை வெறும் கண்ணால் பிடிப்பது கடினம், அசைவின் வேகத்தை எண்ணாகச் சொல்லும் கருவி இருந்தால் மாதா மாதம் ஒப்பிடலாம் என்று தோன்றும். ஆனால் இதே வேலையைச் சிவப்பு, பச்சை பிரித்தறியும் அட்டையும் எழுத்து அட்டையும் குறைந்த செலவில் செய்துவிடும். கருவி வாங்கும் ஆசையில் அட்டையை மறந்துவிடக் கூடாது. மெத்தனால் கலந்த சாராயத்தில் நிலைமை நேர்மாறு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது அதுதான். வந்து சேரும்போதே பாவை விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் இருப்பவருக்கு உயிருக்கும் பார்வைக்கும் ஆபத்து அதிகம். அங்கே அளவுகோலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, ஒரு டார்ச் போதும்.

அவசரம் என்பதை மிகத் தெளிவாகக் காட்டுவது மூன்றாம் கபால நரம்பு. ஒருவருக்குத் திடீரென்று ஒரு பக்க இமை சரிகிறது, கண் வெளிப்பக்கமாக ஒதுங்குகிறது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. நீண்ட நாள் சர்க்கரை நோயாளி என்றால் நரம்பின் உள்பகுதிக்கு ரத்தம் குறைந்து இப்படி ஆகலாம், சில மாதங்களில் தானே சரியாகிவிடும். மூளையின் ரத்தக்குழாயில் புடைப்பு வந்து நரம்பை நெருக்குவதாலும் இப்படி ஆகலாம், அது வெடித்தால் உயிர் போகும். பாவையைச் சுருக்கும் இழைகள் நரம்பின் மேற்பரப்பில் ஓடுகின்றன. வெளியிலிருந்து நெருக்கினால் முதலில் நசுங்குவது அவை, பாவை விரிந்துவிடும். உள்ளே ரத்தம் குறைந்தால் மேலோடும் இழைகள் பெரும்பாலும் தப்பிக்கும், பாவை சரியாக இருக்கும். இந்த விதி கல்லில் வெட்டியது அல்ல. அதனால் வசதியுள்ள ஊர்களில் இப்போது பாவை எப்படியிருந்தாலும் ரத்தக்குழாய் ஸ்கேன் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அடுத்த கப்பல் எப்போது என்று விசாரிக்க வேண்டிய ஊரில், இமை சரிந்து பாவையும் விரிந்து நிற்கும் நோயாளிக்கு ஹெலிகாப்டர் கேட்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. அதற்குமுன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: கண்ணில் ஏதாவது பட்டதா? ஊமத்தை பறித்த கையால் கண்ணைக் கசக்கினாலும் பாவை விரியும். அப்போது இமை சரியாது, கண் ஒதுங்காது. சந்தேகம் தீராவிட்டால் 1 சதவீத பைலோகார்பைன் சொட்டு விட்டுப் பார்க்கலாம். நரம்பு நெருக்கப்பட்ட பாவை சுருங்கும், ஊமத்தையால் விரிந்தது சுருங்காது.

பாவையை நம்பி ஏமாறக்கூடிய இடமும் உண்டு. தீவுகளில் அது கையருகே கிடக்கிறது. அந்தமானுக்கே உரிய நாகமும் அந்தமானுக்கே உரிய கட்டுவிரியனும் இந்தக் காடுகளில் இருக்கின்றன, ராஜநாகமும் உண்டு. நரம்பைத் தாக்கும் நஞ்சு ஏறும்போது முதலில் இமை சரியும், பேச்சு குழறும், பிறகு மூச்சுத் தசைகள் நிற்கும். கட்டுவிரியன் இனத்தின் கடியில் பாவை விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் போவதும் உண்டு. கை கால் அசைவில்லை, மூச்சு இல்லை, பாவை அசையவில்லை. பார்ப்பவர் மூளைச்சாவு என்றுதான் நினைப்பார். ஆனால் இவருடைய மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. தசைக்கும் பாவைக்கும் போகும் நரம்பு முனைகளை நஞ்சு முடக்கியிருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்தில் நின்று பேசுவது அவர் காதில் விழுந்துகொண்டுகூட இருக்கலாம். செயற்கை சுவாசத்தில் நாள்கணக்கில் வைத்திருந்தால் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார். பாம்புக் கடியில் விரிந்த பாவையை மூளைச்சாவின் சான்றாக எடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய வழிகாட்டி எச்சரிக்கிறது. 1994-இன் உறுப்பு மாற்றுச் சட்டத்தின்கீழ் மூளைத்தண்டு மரணத்தை உறுதிசெய்ய 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும், பாவைச் சோதனை அதில் ஒன்று. ஆனால் அதற்குமுன் நஞ்சும் மருந்தும் காரணமல்ல என்பது தெளிவாக வேண்டும். கருவி எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும் இங்கே அது சரியான எண்ணைக் காட்டித் தவறான முடிவுக்கு இழுத்துப் போகும். கூடுதல் கவலையும் இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்துகள் அந்தமான் நாகத்தின் நஞ்சை ஆய்வகச் சோதனைகளில் சரிவர முறிக்கவில்லை. நிலப்பகுதியின் நான்கு பாம்புகளை வைத்துத் தயாரித்த மருந்து அது. ஆகவே தீவில் சுவாசக் கருவிக்கு உள்ள மதிப்பு இரட்டிப்பு, ‘பாவை போய்விட்டது’ என்று கைவிடுவதால் வரும் இழப்பும் இரட்டிப்பு.

இனிக் கருவிக்கு வருவோம். லோவன்ஸ்டைனும் ஐரீன் லோவன்ஃபெல்டும் 1950-களிலேயே அகச்சிவப்பு ஒளியில் பாவையின் அசைவைத் தொடர்ந்து பதியும் இயந்திரம் செய்துவிட்டார்கள். இப்போது அது கையடக்கமாகி, கண்முன்னே சில நொடி பிடித்தால் தொடக்க அளவு, சுருங்கிய அளவு, தொடங்கும் தாமதம், சுருங்கும் வேகம், திரும்ப விரியும் வேகம் எல்லாம் திரையில் வந்துவிடுகின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பரவிய ஒரு கருவி இவற்றையெல்லாம் கூட்டி 0 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் தருகிறது. 3-க்குக் கீழே போனால் இயல்பல்ல. மனிதக் கண்ணோடு ஒப்பிட்டால் ஆதாயம் தெளிவு. 2016-இல் பிரான்சிலிருந்து வந்த ஓர் ஆய்வில், டார்ச்சால் பார்த்த செவிலியர்கள் இரு பாவைகளின் அளவு வேறுபட்டிருந்த சமயங்களில் ஏறக்குறைய பாதியைத் தவறவிட்டார்கள். 2023-இல் லான்செட் நியூராலஜியில் வெளியான ‘ஆரஞ்ச்’ ஆய்வு, ஐரோப்பா, வட அமெரிக்கா சேர்ந்த 13 மருத்துவமனைகளின் 514 மூளைக்காய நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. மதிப்பெண் தாழ்ந்தவர்களின் ஆறுமாத நிலை மோசமாக இருந்தது. இதயம் நின்று பிழைத்தவர்கள் குறித்த 2021 ஐரோப்பிய வழிகாட்டியும் பாவை அளவீட்டுக்கு இடம் கொடுத்திருக்கிறது.

எனக்கு உறுத்துவது அந்த மதிப்பெண்தான். அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது தயாரித்த நிறுவனத்தின் கைக்குள் இருக்கிறது. 2.8 என்று வந்தால் வேகம் குறைந்ததாலா, அளவு குறைந்ததாலா என்று மதிப்பெண் சொல்லாது. கூட இருக்கும் எண்களைப் பார்க்க வேண்டும், அவசரத்தில் பார்ப்பவர் குறைவு. வலி நிவாரணத்துக்குக் கொடுத்த மார்ஃபின் பாவையைச் சிறுக்க வைக்கும். வயதானாலே பாவை சிறுத்துவிடும். பூச்சிமருந்து குடித்தவருக்கு ஊசிமுனை அளவாகிவிடும். நலமாக இருப்பவர்களிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இரு பாவைகளும் கொஞ்சம் அளவு வேறுபடும். இதையெல்லாம் தெரிந்த கை பிடித்தால்தான் கருவிக்கு மரியாதை.

கருவியின் பக்கம் நிற்கும் வாதம் ஒன்று நம் கண்ணின் நிறத்திலேயே இருக்கிறது. நீலக் கண்ணில் கறுத்த பாவை தனியாகத் தெரியும். கரும்பழுப்பு ஐரிஸில், அதுவும் மங்கலான வார்டில், பாவை எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பதே பாடு. அகச்சிவப்பு ஒளியில் கரும்பழுப்பு ஐரிஸ் வெளிறித் தெரியும், பாவை கறுப்பாகவே இருக்கும், விளிம்பு பளிச்சென்று பிரியும். செல்போன் வைத்து பாவையை அளக்க முயன்றவர்களுக்கும் இதே சிக்கல் வந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2017-இல் போனின் ஃப்ளாஷையும் கேமராவையும் பயன்படுத்தியது. 2022-இல் சான் டியேகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முகத்தை அடையாளம் காணப் போனில் வைத்திருக்கும் அகச்சிவப்புக் கேமராவுக்கு மாறினார்கள், கண்ணின் நிறம் தடையாகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே. தீவுகளுக்கு இந்தத் திசை பொருந்தும் என்றே நினைக்கிறேன். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் உள்ளிட்ட தீவுகளுக்கும் கடலடிக் கேபிள் வந்துவிட்டது. ‘விரிந்திருக்கிறது’ என்று போனில் சொல்வதைவிட, பாவை அசையும் பத்து நொடி வீடியோவைச் சென்னை மருத்துவருக்கு அனுப்புவது எவ்வளவோ மேல்.

வண்ண ஒளிச் சோதனை இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது, ஆனால் சுவாரசியமானது. 1998-இல் தவளைத் தோலில் மெலனாப்சின் என்ற நிறமியை ப்ரோவென்சியோ கண்டறிந்தார். 2002-இல் அது விழித்திரையின் சில நரம்புச் செல்களிலும் இருப்பதும், அவை குச்சி, கூம்புச் செல்களின் துணையில்லாமல் தாமாகவே ஒளியை உணர்வதும் தெரியவந்தது. அவற்றுக்குப் பிடித்தது சுமார் 480 நானோமீட்டர் நீல ஒளி. பிரகாசமான நீல ஒளியை அணைத்த பிறகும் பாவை சில நொடிகள் சுருங்கியே நிற்பதற்கு இவை காரணம். சிவப்பு ஒளி கூம்புகளையும், இருட்டில் காட்டும் மெல்லிய நீலம் குச்சிகளையும் சோதிக்கும். எந்த அடுக்கு கெட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வழி கிடைக்கிறது. கண் நீரழுத்த நோயில் இந்த நீண்ட சுருக்கம் குறைகிறது. லீபர் பரம்பரைப் பார்வை நரம்பு நோயிலோ பார்வை பெரிதும் போனபிறகும் பாவை ஓரளவு நன்றாகவே அசையும், ஏனெனில் இந்தச் செல்கள் தாக்குப்பிடிக்கின்றன. மூளையின் பின்பகுதியில் பக்கவாதம் வந்து பார்வை போனவர்களுக்கும் பாவை இயல்பாகவே இருக்கும். ‘பாவை நன்றாக இருக்கிறது, நடிக்கிறார்’ என்று சொல்லிவிடும் அவசரக்காரர்களுக்கு இந்த இரண்டையும் ஞாபகப்படுத்த வேண்டும்.

அளக்கவே முடியாத கண்களும் தீவில் உண்டு. 2010-இல் எய்ம்ஸ் கண் மருத்துவர்கள் கார் நிக்கோபாரில் பார்த்தபோது குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தீவிர ட்ரக்கோமா இருந்தது. ஊர் முழுக்க அசித்ரோமைசின் கொடுத்து அதைக் கட்டுப்படுத்தினார்கள். ட்ரக்கோமாவை இந்தியா பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக 2024 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் பழைய நோய் கார்னியாவில் விட்டுப்போன வெண்தழும்புக்குப் பின்னால் பாவை தெரியாது, அகச்சிவப்புக் கேமராவும் தடுமாறும். டார்ச் இங்கே மறுபடி கை கொடுக்கிறது. தழும்புக் கண்ணில் வெளிச்சத்தைக் காட்டி நல்ல கண்ணின் பாவையைப் பார்த்தால் போதும், இரண்டும் சேர்ந்து அசைபவைதானே. லெப்டோஸ்பைரோசிஸ் பற்றியும் ஒரு வார்த்தை. ‘அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்று முதலில் அஞ்சப்பட்டது இந்த எலிக்காய்ச்சல்தான் என்று போர்ட் பிளேரில் உள்ள ஐ.சி.எம்.ஆர். மண்டல மையம் 1990-களில் காட்டியது. அதே பத்தாண்டில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இந்தக் காய்ச்சலைத் தொடர்ந்து வரும் கண் உள்ளழற்சியை விவரித்தது. எந்தக் காரணத்தால் உள்ளழற்சி வந்தாலும் ஐரிஸ் லென்ஸோடு ஒட்டிப் பாவை கோணலாக நின்றுவிடலாம். அசையாததற்குக் காரணம் அங்கே நரம்பல்ல, ஒட்டிக்கொண்ட ஐரிஸ்.

இவ்வளவுக்குப் பிறகும் தீவின் ரெஃபரல் சீட்டில் நான்கு எழுத்துச் சுருக்கம் மட்டும் இருந்தால் சென்னை மருத்துவர் எதை எதோடு ஒப்பிடுவார்? வலது எத்தனை மில்லிமீட்டர், இடது எத்தனை, வெளிச்சத்தில் எவ்வளவு ஆயிற்று, ஆர்.ஏ.பி.டி. உண்டா, பார்த்த நேரம், அதற்குமுன் போட்ட சொட்டும் ஊசியும்: கருவி வருவதற்கு முன்பே இந்த வரிகளைச் சீட்டில் அச்சடித்துவிடலாம். மில்லிமீட்டர் வட்டங்கள் அச்சிட்ட சின்ன அட்டையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாலே முதல் இரண்டும் கிடைத்துவிடும். கருவி வந்தபிறகு வேறொரு வேலை காத்திருக்கிறது. கரும்பழுப்புக் கண்களில், இருபது வயதிலும் எழுபது வயதிலும், சர்க்கரை உள்ளவரிடமும் இல்லாதவரிடமும் எந்த வேகம் இயல்பு என்ற அட்டவணை வேண்டும். 2015-இல் தொடங்கிய தீவின் மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு இது நல்ல ஆய்வுப் பொருள். நிக்கோபாரியர், ராஞ்சியிலிருந்து வந்தவர்கள், வங்காளிகள், தமிழர், தெலுங்கர் என்று இத்தனை மக்கள் ஒரே வெளிநோயாளர் வரிசையில் நிற்கும் ஊர் வேறெங்கே கிடைக்கும்?